பக்க நம்பர் கேட்டவள்

அவளிடம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும். "பக்க நம்பர் சொல்லு." புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அதுதான். மனிதர்களைப் பற்றிப் பேசினாலும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு நாள் மத்தியானம் விடுதிச் சாப்பாட்டு அறையில் நாங்கள் நாலைந்து பேர் கூடி, வார்டன் அம்மாவைப் போல ஒரு சிடுமூஞ்சி உலகத்தில் கிடையாது என்று பேசிக்கொண்டிருந்தோம். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, என்றைக்கு, யாரிடம், என்ன சொன்னார் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எங்களில் ஒருத்தியைக்கூட அவர் கடிந்து பேசியதில்லை. முந்தைய வருஷத்துப் பெண்கள் சொல்லிவிட்டுப் போனதை நாங்கள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு அத்தோடு அடங்கிவிட்டது. எனக்கு அவள் மேல் வந்த எரிச்சல் அடங்க இரண்டு நாள் ஆயிற்று.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம். வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன், மத்தியானச் சாப்பாடு மட்டும் விடுதியில். அவள் சக்குபள்ளத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் வேலை. மலையை விட்டு இறங்கி, எங்கள் வெயிலில் வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். இரண்டு ஊரும் ஒரே கேரளம், இரண்டு பேரும் பேசுவது தமிழ். ஆனாலும் நான் "ஊட்டுக்குப் போறேன்" என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் "சொல்லுதேன், பாக்கேன்" என்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் கேள்வி எங்கிருந்து பிடித்தது என்று ஒரு முறை கேட்டேன். தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்திய உபதேசியார், யார் எதைச் சொன்னாலும் பைபிளில் எந்த அதிகாரம், எந்த வசனம் என்று கேட்பாராம். தெரியாவிட்டால் உட்கார வேண்டியதுதான். ஏழு வயதில் ஒரு தடவை அப்படி உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு பார்க்காத எதையும் சொல்ல வாய் வரவில்லை என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. தனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

பொருளாதார வகுப்புப் பையன் ஒருவன் அவளுக்குக் கடிதம் கொடுத்தான். இரண்டு பக்கத்துக்கு வர்ணனை. வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது ஒளித்து வைத்திருப்பார்கள். இவள் முழுக்கப் படித்தாள். மறுநாள் நூலக வாசலில் அவனை நிறுத்தி, மூன்றாவது வரியில் முழங்கால் வரை கூந்தல் என்று எழுதியிருக்கிறீர்களே, எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டாள். டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டி, அப்போது அவளுக்குக் காதுவரைதான் இருந்தது. அவன் அதற்குப் பிறகு நூலகம் பக்கமே வரவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். "பதில் சொல்வான்னு நெனச்சுத்தான் கேட்டேன்" என்றாள்.

அந்த வருஷம் எங்கள் துறைக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. வானொலியில் கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம். ஒரு புத்தகத்தைப் படித்து மதிப்புரை எழுதி ஒருவர் போய் வாசிக்க வேண்டும். யார் என்பதைத் துறைக் கூட்டத்தில் தீர்மானிப்பதாகத் தலைவர் சொன்னார். அப்பா என்னை இரண்டு வருஷம் மட்டும் படிக்க அனுப்புவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். நிலக்கடலைத் தோட்டமும் நாலு மாடுமாக வாழ்கிற மனிதர். மூன்றாம் வருஷம் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய கேள்வி. என் குரல் ரேடியோவில் வந்துவிட்டால் அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மூன்றாம் வருஷம் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது.

புத்தகம் ஒரு நாவல். இருநூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. எழுதியவரையும் இன்று யாருக்கும் தெரியாது. துறையில் ஒரே ஒரு பிரதி. மட்டமான தையல், முதல் வாரத்திலேயே பிரிந்துவிட்டது. பதினாறு பதினாறு பக்கமாகப் பன்னிரண்டு மடிப்பு. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டுமே, மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது நான்தான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாம் மடிப்பைப் படித்துவிட்டு இரண்டாவதைப் படித்தேன். பிறகு ஒன்பதாவது, பிறகு ஆறாவது. அவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ஒன்று கைக்கு வராமல் இரண்டைத் தொட மாட்டாள். அதனால் எல்லாருக்கும் கடைசியாக நகர்ந்தாள்.

கதை இதுதான். மலையிலிருந்து வந்தவள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் சமவெளிக் கிராமத்தில் வாழ்க்கைப்படுகிறாள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஏலமலையில் வேலை பார்த்தவளாம். மாலையில் வேலை முடிந்ததும் புருஷன் வீட்டாருக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்வாள். பனி, பாட்டு, கை நீட்டித் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஏலக்காயைப் பறித்தது எல்லாம் வரும். அந்த இடத்தை நான் உருகி உருகி அவளிடம் வாசித்துக் காட்டினேன். ஏலக்காயை டப்பாவில் மட்டும் பார்த்து வளர்ந்தவள் நான்.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஏட்டி, ஏலக்கா மேல தொங்காது. தூர்ல, தரையோட தரையாத்தான் காய்க்கும். குனிஞ்சு உக்காந்து எடுக்கணும். இது எழுதினவருக்குத் தெரியலையா, இல்ல கதையில சொல்லுதாளே, அவளுக்குத் தெரியலையா, அதப் பாக்கணும்."

நான் முதல் பாதியை மட்டும் கேட்டேன். காதில் விழுந்த அந்த நிமிடமே என் மதிப்புரை தயாராகிவிட்டது. மலையைப் பார்க்காமலே மலையைப் பற்றி எழுதிய எழுத்தாளர். இதைவிடப் பெரிய பிடி யாருக்குக் கிடைக்கும்?

இதற்கிடையில் கடைசி மடிப்பு மாட்டிக்கொண்டது. அது வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வரும் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இருந்தது. அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை கண்ட வீட்டிலிருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஒரு துரும்பைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள். கூட்டத்துக்கோ ஐந்தே நாள். மற்றவர்கள் முடிவு என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதினார்கள். நானும்தான். நாயகி ஒருநாள் மறுபடி மலைக்குப் போவாள், வேறென்ன?

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் என்னிடம் கேட்டாள், கடைசி மடிப்பைப் படித்தாயா என்று. படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் படிக்கவில்லை, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு எல்லாரையும்விட ஒரு படி மேலே நிற்க வேண்டியிருந்தது. வேலந்தாவளத்துக்காரியும் நானும் ஒரே பஸ்தானே, அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே வாங்கிப் படித்துவிட்டேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. பஸ் பிடித்து அந்த அம்மை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. நோயாளியின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வரக்கூடாது, எதையும் எடுத்துத் தரவும் முடியாது என்று சொல்லியிருக்கிறார். எடுத்துத் தர வேண்டாம், வாசித்தால் போதும் என்றாளாம் இவள். அந்த அம்மா, "செரி கண்ணு, படிக்கட்டும். ஆத்தாளும் கேக்கட்டும்" என்று ஒப்புக்கொண்டார். கொப்புளம் காய்ந்து உதிரும் கட்டத்தில் இருந்த தோழி பாயில் சாய்ந்தபடி பதினாறு பக்கத்தையும் வாசித்தாள். இவள் ஜன்னலுக்கு வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். ஒரு நாவலின் கடைசிப் பதினாறு பக்கத்துக்காக இப்படி ஒருத்தி போவாள் என்று எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கூட்டத்தில் நான் நான்காவதாகப் பேசினேன். ஏலக்காய் தரையில் காய்க்கும் என்ற உண்மையை நானே மலையேறிப் போய்க் கண்டுபிடித்தவளைப் போல அறிவித்தேன். சிரிப்பும் கைதட்டலும். இத்தனை பேர் படித்தும் கண்ணில் படாத பிழையை இந்தப் பெண் பிடித்திருக்கிறாள், இதுதான் விமர்சனம் என்றார் தலைவர். அங்கேயே என் பெயரை வானொலிக்குச் சொல்லிவிட்டார். அவளுடைய முறை வந்தபோது, தன்னுடையது இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். கையில் அந்தப் பழைய நோட்டு. துறையிலிருந்து பதினொரு மடிப்பையும் வாங்கி முதலிலிருந்து மறுபடி படித்ததாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன்.

"நீ கடைசி மடிப்பப் படிச்சேன்னு சொன்ன. அதப் படிச்ச ஒருத்தி, எழுதினவருக்கு ஏலக்கா தெரியலன்னு சொல்ல வழி இருக்கான்னு ரெண்டு நாளாத் தேடிப் பாத்தேன். எனக்குக் கெடைக்கல. உனக்கு எங்கன கெடச்சுது, அந்த எடத்தக் காட்டு."

குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். என் பொய்யை ஒரு வாசிப்பாக மதித்து, அதில் ஏதாவது நியாயம் இருக்குமா என்று இருநூறு பக்கத்தை ஒருத்தி மறுபடி புரட்டியிருக்கிறாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். படிக்கவில்லை என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "செரி, நாளைக்குப் போவமா?" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சில்.

மறுநாள் மத்தியானம் அந்தப் புளிய மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து தோழியின் தொண்டை கட்டின குரல். கடைசி மடிப்பில் உண்மை வெளியே வருகிறது. அந்தப் பெண் ஏலமலையைக் கண்ணால் கண்டதில்லை. அந்த ஆறு வருஷமும் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அதைச் சொன்னால் யார் கட்டிக்கொள்வார்கள்? கட்டிலுக்கு நேரே ஜன்னலில் ஒரு மரம் தெரியும். அந்த மரத்தில் ஏலக்காய் காய்த்துத் தொங்குவதாகவும், தான் எழுந்து நின்று கை நீட்டிப் பறிப்பதாகவும் நினைத்து நினைத்து நாளைக் கழித்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுடைய மலை. எழுதியவருக்கு ஏலக்காய் எங்கே காய்க்கும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவளை அப்படிப் பேச வைத்திருக்கிறார்.

நான் கைதட்டல் வாங்கிய இடம் அந்தப் புத்தகத்தின் உயிர் இருந்த இடம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. தன் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது, அவரும் கடைசி மடிப்பைப் படிக்கவில்லை என்று. அதனால் என்னம்மா, எழுதியதையே வாசித்துவிட்டு வா, யார் புத்தகத்தைத் தேடிப் படிக்கப் போகிறார்கள் என்றார். எனக்குப் பதிலாக அவளை அனுப்புங்கள் என்றேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். தனக்கு இன்னும் ஓர் இடம் விளங்கவில்லை, விளங்காமல் பேச முடியாது என்றுவிட்டாள். அப்பா அதற்குள் கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். போகாமல் இருக்கவும் வழியில்லை, பழையதை வாசிக்கவும் மனசில்லை. நாலு நாளில் புதிதாக எழுதினேன். முதல் வரியிலேயே, இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் முதலில் சொன்னது தவறு, கடைசிப் பகுதியைப் படிக்காமலே சொன்னேன் என்று எழுதினேன்.

ஒலிபரப்பான அன்று எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். முதல் வரி வந்ததும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் முடியும்வரை அசையவில்லை. மூன்றாம் வருஷம் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எல்லாரும் எழுந்து போன பிறகு சொன்னார்.

"ஏங்கண்ணு, ரண்டு வருசம் படிச்சு ஒரு தப்பக் கண்டுபுடிச்சிருக்கற, அதும் உன்னோடதையே. இன்னும் எத்தன கெடக்குதோ, போய்ப் பாத்துட்டு வா."

மறுநாள் இதை அவளிடம் சொன்னேன். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. மதிப்புரையை விடுதியில் கேட்டாளாம், நன்றாக இருந்தது என்றாள். பிறகு நோட்டைப் பிரித்தாள். நாயகி எல்லோரையும் ஏமாற்றினாள் என்று நான் ரேடியோவில் சொல்லியிருந்தேன். எல்லோரையுமா என்று கேட்டாள்.

அவளுக்கு விளங்காமல் இருந்த இடம் அதுதானாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. மாமியார்க்காரி கல்யாணத்துக்கு முன்னால் ஆறு சீசன் மலைக்குக் கூலியாகப் போய் வந்தவள் என்று போகிற போக்கில் வருகிறது. மருமகள் கை நீட்டிப் பறித்ததைச் சொல்கிற இடத்தில், மற்ற எல்லோரும் வாய் பிளந்து கேட்க, மாமியார் மட்டும் "சரி, சோறு ஆறுது, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள்.

"அவளுக்கு மொத நாளே தெரியும்ட்டி. ஆறு வருசம் எங்க இருந்தன்னு ஒரு நாளும் கேக்கல பாரு."

ஒன்பது பேரும் ஒரு தலைவரும் படித்த புத்தகத்தில் அந்த ஒரு வரி அவளுக்காகவே காத்துக்கிடந்தது. பின்னாளில் நான் எத்தனையோ புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிவிட்டேன். அந்த மாதிரி ஒரு வரியை நானாக ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை என்பதை மனசறிந்து சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் அவள் மலைக்குப் போய்விட்டாள். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றது.

பல வருஷம் கழித்துப் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில், அம்மை போட்டிருந்த அந்தத் தோழியைப் பார்த்தேன். கையில் பேரக் குழந்தை. ஜன்னல் வழியே கதை வாசித்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் வந்த நாளைத்தான் நான் சொன்னேன். அதற்கு முன்னால் அவள் தனியாக வந்த நாளைத் தோழி சொன்னாள்.

"அன்னைக்கே கேட்டாளே. இந்த மடிப்ப உனக்குப் படிக்கக் குடுத்தனான்னு. ஆருக்கும் குடுக்கலியே, பையிலேயே கெடந்துச்சுன்னு சொன்னேன். உங்கிட்டச் சொல்லலியா அவ?"

சொல்லவில்லை. கூட்டத்துக்கு முதல் நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, என் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்னதை இந்தப் பஸ் நிலையச் சந்தடிக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக நினைவுபடுத்திப் பார்த்தேன். படித்தேன் என்று நீ சொன்னாய். படித்தவள் அப்படிச் சொல்ல வழி இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. இரண்டு நாள் தேடியதும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். நீ படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும் என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல், நானாகச் சொல்லட்டும் என்று அந்த நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள்.

தோழி என் கையைப் பிடித்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.